அந்துருண்டை விழுங்கினால் பாதிப்பு மூன்றாம் நாள்கூடத் தெரியலாம்

கேள்வி: என் இரண்டு வயது மகன் பீரோவில் இருந்த அந்துருண்டையைக் கடித்துத் தின்றுவிட்டான். அன்றைய ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். மூன்றாம் நாள் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது, கண் மஞ்சளானது. ரத்தம் ஏற்றித்தான் தேறினான். முதல் பரிசோதனை தப்பா?
(வாசகி, தேனி)

பதில்: தப்பில்லை, நேரம்தான் போதவில்லை. சிவப்பணுக்களைத் தாக்குவது அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் என்ற ரசாயனம் நேரடியாக அல்ல. கல்லீரல் அதை மாற்றும்போது உண்டாகும் ஆல்பா நாப்தால் போன்றவை. உருண்டையும் குடலில் மெல்லத்தான் கரையும். அதனால் அணுக்கள் உடைவது ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே வெளிப்படும். ஹீமோகுளோபினை ஐந்து நாளாவது தினமும் பார்க்க வேண்டும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'ஹெய்ன்ஸ் பாடி', 'பைட் செல்' என்று இருந்ததே?

பதில்: நஞ்சால் கெட்ட ஹீமோகுளோபின் திரண்டு அணுவின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஹெய்ன்ஸ் பாடி. வழக்கமான லீஷ்மன் சாயத்தில் இது தெரியாது. கிரிஸ்டல் வயலட் போன்ற சாயத்தை உலர்த்தாத ரத்தத்தில் கலந்து பார்க்க வேண்டும். மண்ணீரல் அந்தத் திரளைப் பிடுங்கி எடுத்ததும், மிஞ்சும் அணு ஓரம் கடித்த அப்பளம் போலிருக்கும். அது பைட் செல். சில நாளில் ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை ஏறினால் பயப்பட வேண்டாம், எலும்பு மஜ்ஜை ஈடுகட்டுகிறது என்று பொருள்.

கேள்வி: ஜி6பிடி டெஸ்ட்டும் நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இப்போதைக்கு அந்த ரிசல்ட்டை நம்பாதீர்கள். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் நொதி. இது குறைந்த பழைய அணுக்கள்தான் முதலில் உடையும். மிஞ்சும் இளம் அணுக்களில் நொதி கூடுதல். ஏற்றிய ரத்தத்தில் இருப்பதோ கொடையாளரின் நொதி. மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஜி6பிடி குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். ஆக்ஸிமீட்டர் 85 பக்கம் நின்று, ஆக்ஸிஜன் வைத்தும் ஏறாவிட்டால் மெத்ஹீமோகுளோபின் (ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்) இருக்கலாம். அதற்கான மருந்தான மெத்திலின் ப்ளூ, ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அணுச் சிதைவைக் கூட்டிவிடும். எனவே ஜி6பிடி சந்தேகத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: விழுங்கியதும் பால் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நாப்தலீன் கொழுப்பில் கரைவது. பாலும் எண்ணெயும் அதை வேகமாக உள்ளே ஏற்றும். வாந்தியும் எடுக்க வைக்காதீர்கள். மிச்ச உருண்டை, பாக்கெட்டோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாக்கெட் இல்லையென்றால், உருண்டை எந்த வகை என்று வீட்டில் இருக்கும் வேறொருவர் சோதிக்கலாம்: தண்ணீரில் மிதந்தால் கற்பூரம் (சீக்கிரமே வலிப்பு வரலாம்). மூழ்கினால், 120 மில்லி வெதுவெதுப்பான நீரில் 3 மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். மிதந்தால் நாப்தலீன்; அதிலும் மூழ்கினால் பாராடைக்ளோரோபென்சீன் என்ற இன்னொரு ரசாயனம். நாப்தலீனை விட அதன் நஞ்சு குறைவு.