யார் வீட்டுக் கட்டிலோ?

கேள்வி: கணவர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். திருப்பூரில் வாடகை வீடு. எனக்கு இப்போது ஆறு மாதம்; அடுத்த மாதம் கட்டுச்சோறு (வளைகாப்பு மாதிரி). கடன் வேண்டாம் என்று ஒரு தேக்குக் கட்டில், கிரைண்டர், பச்சைப் பெயின்ட் அடித்த மரத்தொட்டில் மூன்றையும் பழைய சாமான் கடையில் வாங்கினேன். காங்கேயத்திலிருந்து வந்த மாமியார், "யார் செத்த கட்டிலோ" என்று சொல்லிப் பாயில் படுத்துவிட்டு, விடியற்காலையில் பஸ் ஏறிவிட்டார். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம். நான் செய்தது தப்புங்களா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தப்பே இல்லை கண்ணு. கடன் இல்லாமல் குடித்தனம் நடத்த நினைக்கும் பெண்ணைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் அத்தை சொன்னதில் "செத்த" என்ற சொல் உங்களைச் சுட்டிருக்கிறது, எனக்கோ "யார்" என்ற சொல்தான் பெரிதாகப் படுகிறது.

கோபிப் பக்கம் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. விளிம்புக்குக் கீழே 'செ.மு.' என்று வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் அந்த எழுத்தில் யாரும் இல்லை. சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டேன். மஞ்சள் விலை விழுந்த வருஷம் ஈரோட்டில் ஒரு பாத்திரக் கடையில் பழசாக வாங்கியதாம். வாங்கும்போதே அம்மிச்சி கடைக்காரரிடம் யார் வீட்டுப் போசி என்று கேட்டிருக்கிறார். தோட்டத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போன குடும்பம் என்றாராம். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈயம் பூசி, எங்கள் அம்மா கல்யாணத்துக்கு அதில்தான் சோறு ஆக்கினார்கள். பொங்கலுக்கு அதை இறக்கும்போதெல்லாம் அம்மிச்சி, "அவிக நல்லா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்.

உங்கள் அத்தையின் ஊருக்குப் பக்கத்தில்தானே கண்ணபுரம்? சித்திரைத் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் யாராவது புது மாடு வாங்கினார்களா? இன்னொருவர் தொழுவத்தில் நின்ற மாட்டைத்தான் பல்லைப் பிடித்து, சுழி பார்த்து, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துப் பிடித்து வருகிறோம். நம் பக்கத்து ஆட்களுக்குப் பழசு என்பதில் பயமில்லை. வந்த கை எதுவென்று தெரியாததில்தான் பயம். அதனால் கடைக்குத் திரும்பப் போய், கட்டில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். கேட்டதை அத்தையிடம் அப்படியே சொல்லுங்கள். நல்ல சேதி இல்லையென்றாலும் மறைக்க வேண்டாம்.

மானம் போகும் என்பது வேறு விஷயம். கட்டிலும் பீரோவும் நம் ஊரில் சீர்வரிசைச் சாமான். மருமகள் பழசு வாங்கினால், மகனுக்கு வக்கில்லை என்று ஊர் பேசுமோ என்று அந்த அம்மா பயந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் எழுதியதில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. "நானும் சேர்ந்துதாம்மா வாங்கினேன், கடன் வேண்டாம்னு" என்று அவர் வாயால் வரட்டும். நீங்கள் நூறு தடவை சொன்னாலும் அது ஈடாகாது.

கிரைண்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெல்ட் போனால் மாற்றலாம், மோட்டாருக்குக் காயில் கட்ட நம் பக்கம் ஆளுக்கா பஞ்சம். கட்டிலுக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கழற்றி, மூலைப் பொருத்திலும் ஆணி ஓட்டையிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். இந்த வேலையைக் கணவர் செய்யட்டும், நீங்கள் தூக்க வேண்டாம். மூட்டைப்பூச்சி ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், கடையில் சும்மா கிடந்த கட்டில்தானே என்று நம்ப முடியாது. மெத்தை மட்டும் புதுசாக இருக்கட்டும்.

அப்புறம் அந்தப் பச்சைத் தொட்டில். இதில் நான் உங்கள் அத்தை பக்கம். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் (லெட்) பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பல் முளைக்கும்போது குழந்தை விளிம்பைத்தான் கடிக்கும். காரீயம் உடம்பில் சேர்ந்தால் பிஞ்சு மூளையைக் கெடுக்கும். பெயின்ட்டைச் சுரண்டிவிடலாம் என்றும் இறங்காதீர்கள், வயிற்றில் பிள்ளையோடு அந்தத் தூசி உங்களுக்கே ஆகாது. பணம் போனாலும் பரவாயில்லை, அதைக் குழந்தைக்கு வைக்கவே வேண்டாம்.

தொட்டிலுக்குப் பதில் தூளி கட்டுங்கள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய துணியைத்தானே நம் வீடுகளில் எடுத்து வைப்போம்? இன்றைக்குச் சாயங்காலமே அத்தைக்குப் போன் போடுங்கள். கட்டில் பேச்சை எடுக்காமல், "உங்க பழைய நூல் சேலை ஒண்ணு தூளிக்கு வேணுங்க அத்தை" என்று கேளுங்கள். கட்டுச்சோற்றுக்கு வரும்போது கையோடு கொண்டு வருவார்.