தஞ்சைக் கோயில் 5 ரூபாய்க்கு 3,000 தரலாமா?

செங்கோட்டைத் தம்பிக்கு, வாங்க வேண்டாம். புனலூரில் ஒருவர் தஞ்சைப் பெரிய கோயில் 5 ரூபாய் நாணயத்துக்கு, "கொஞ்சம்தான் அடித்தார்கள்" என்று 3,000 ரூபாய் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் வந்த அந்த 5 ரூபாய் புழக்கத்துக்கே விடப்பட்டது. எனக்கே பஸ்ஸில் மிச்சச் சில்லறையாக வந்திருக்கிறது. குறைவாக அடித்தது அதே கோயில் படம் போட்ட 1000 ரூபாய் வெள்ளி நாணயம். முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் நாணயச்சாலை விற்றது. இரண்டையும் குழப்பித்தான் விலை ஏற்றுகிறார்கள்.

அப்புறம், உங்கள் தாத்தா பெட்டியிலுள்ள திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் செப்புக் காசான சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்றிருந்த காலத்துச் சில்லறை அது. நம் பக்கம் பல வீடுகளில் கிடக்கிறது. பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. ஆனாலும் தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! அந்தப் பழுப்பு நிறம் போய்விட்டால் சேகரிப்பவர்கள் கையில்கூட எடுக்க மாட்டார்கள்.