அப்பாவின் ரிப்போர்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 66 வயது. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனது. சிறுநீர்ப்பையில் கட்டி என்று எடுத்தார்கள். ஆழமாக இறங்கவில்லை என்றார் டாக்டர். ஆனால் ரிப்போர்ட்டில் ‘எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு, எஸ்249சி பிறழ்வு’ என்று இருக்கிறது. மரபணுவிலேயே இருந்தால் நமக்கும் வரும் என்று அண்ணன் தூங்காமல் கிடக்கிறான். அப்பா நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர். எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?

க.

அன்புள்ள க.,

முதலில் அண்ணனைத் தூங்கச் சொல்லுங்கள்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்தான். ‘மரபணு’ என்றதும் காது ‘மரபு’ என்பதைப் பிடித்துக்கொள்கிறது. அப்பாவின் கட்டியில் கண்டது, சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஏதோ ஒரு செல்லில் பிற்காலத்தில் நேர்ந்த எழுத்துப்பிழை. எப்படித் தெரியும் என்பீர்கள். இதே எஸ்249சி கருவிலேயே இருந்தால் எலும்பு வளர்ச்சி குலைந்து, குழந்தை பெரும்பாலும் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே இறந்துவிடும். உங்கள் அப்பாவோ 66 வயது வரை, அதுவும் சிகரெட்டோடு, இருந்திருக்கிறார். பிறவியில் வராததை அவர் உங்களுக்கு எங்கிருந்து தருவார்?

எஃப்ஜிஎஃப்ஆர்3 செல்லின் மேல் நிற்கும் ஏற்பி. வெளியிலிருந்து ‘வளர்’ என்று சேதி வந்தால் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, உள்ளே ராஸ் போன்ற புரதங்களைத் தட்டி எழுப்பும். புரதம் அமினோ அமிலங்களின் சங்கிலி. அதில் 249ஆம் இடத்தில் செரினுக்குப் (எஸ்) பதில் சிஸ்டீன் (சி) வந்துவிட்டால், அது கொக்கிபோல வேலை செய்து, சேதி வராமலே இரண்டையும் கோத்துவிடும். போன மழையில் நனைந்த எங்கள் வீட்டு காலிங்பெல் இப்படித்தான், வாசலில் ஆளே இல்லாமல் விடிய விடிய அடித்தது. (மனிதப் புற்றுநோயில் இப்படியொரு ஒற்றை எழுத்துப்பிழையை முதலில் பிடித்ததும் சிறுநீர்ப்பைக் கட்டியின் செல்லில்தான். 1982இல், ராஸ் மரபணுவில், டிஎன்ஏ எழுத்து ஜி இருந்த இடத்தில் டி.)

சரி, பரம்பரைக்குப் பங்கே இல்லையா? கொஞ்சம் உண்டு. சிகரெட் புகையில் அரோமாட்டிக் அமீன்கள் என்ற புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் இருக்கின்றன. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சாய ஆலைத் தொழிலாளர்களிடம் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சிறுநீர்ப்பைக் கட்டியைக் கவனித்தார்; அங்கே வினை செய்ததும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான். கல்லீரலில் இவற்றின் பல்லைப் பிடுங்கும் நாட்2 நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். நஞ்சு சிறுநீரோடு இறங்கிப் பையில் ஊறும். ஆனால் அந்த மந்தம் பெரும்பாலும் புகைப்பவர்களைத்தான் படுத்துகிறது. அண்ணன் புகைப்பாரா? கடிதத்தில் அதை மட்டும் காணோம்.

குடும்பத்தில் இளவயதிலேயே குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். லிஞ்ச் சின்ட்ரோம் என்று ஒன்று உண்டு, அது பரம்பரையாக வருவது, சிறுநீர்ப் பாதையிலும் புற்றுநோயைக் கொண்டுவரலாம்.

அப்புறம், அப்பாவுக்கு வந்த வகைக் கட்டி அவ்வளவாக ஆழம் போகாது, ஆனால் திரும்பத் திரும்ப முளைக்கும். ரத்தம் நின்றுவிட்டதே என்று தள்ளிப்போடாமல், சொன்ன தேதியில் சிஸ்டோஸ்கோப்பிக்கு (குழாய் விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சோதனை) கூட்டிப்போங்கள்.