பழைய நினைவுச்சின்னங்களில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்வது எப்படி?

தொடாதே, கிறுக்காதே, குப்பை போடாதே என்பதெல்லாம் வாசல் பலகையிலேயே இருக்கிறது. பலகையில் இல்லாத ஒன்றை நான் சித்தன்னவாசலில் அசடு வழிந்து கற்றுக்கொண்டேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தன்னவாசல் குன்றின் அறிவர் கோயில், 9-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் மிஞ்சியிருக்கும் சமணக் குடைவரை. முன்மண்டபத்தின் அகலம் ஏழெட்டு அடிதான். விதானத்தில் ஒரு தாமரைக் குளம்: மீன்கள், பறவைகள், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். அண்ணாந்து பார்த்தபடி நட்டநடுவில் நின்றுவிட்டேன். கழுத்து வலித்துத் தலையைத் தாழ்த்தினால், ஒரு பாட்டி பேரனோடு தூணோரம் ஒடுங்கி நின்று, நான் நகர்வதற்காகக் காத்திருக்கிறார். அந்தத் தூண்களிலும் ஓவியம் உண்டு. வழியில் ஒருவர் நின்றால் மற்றவர்கள் சுவரோடும் தூணோடும்தானே உரச வேண்டும்? சக பார்வையாளருக்குச் செய்யும் இடைஞ்சல் கடைசியில் ஓவியத்தின் மேல்தான் போய் விழுகிறது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை தம்பி, இவனுக்கு அந்த எருமையைக் காட்டுங்கள்" என்றார்.

செல்ஃபி கோலை வெளியிலேயே மடக்கிவிடுங்கள். விதானத்தின் உயரம் ஒன்பது அடிகூட இல்லை. ஃபிளாஷும் வேண்டாம். கருவறை பத்தடிக்குள் அடங்கும் சதுர அறை. உள்ளே நின்று 'ம்ம்ம்' என்று இழுத்தால் அறை முழுவதும் ரீங்கரிக்கும். எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து முனகினால் வெறும் இரைச்சல்தான். ஒருவர் ஒலி எழுப்பும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் அது முழுசாகக் கிடைக்கும்.

அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே ஓர் இளைஞர், "அந்தக் காலத்தில் அவர்களும் பெயரை வெட்டித்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். கேட்க நியாயம்போலத்தான் இருந்தது. ஆனால் அங்குள்ள, தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு சொல்வது, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்று. இன்னொருவருக்கு இருக்க இடம் செய்து கொடுத்தவர் பெயர் பொறிப்பதும், காதலியின் பெயரைச் சாவியால் கீறுவதும் ஒன்றா? போதாக்குறைக்கு, 2010-இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

முடிந்தால் வாரநாளில், காலையிலேயே போய்விடுங்கள். குடைவரையில் கூட்டமாக இருந்தால் முதலில் ஏழடிப்பட்டம் ஏறிவிட்டு வாருங்கள். வெயில் ஏறினால் அந்தப் பாறை கொதிக்கும். தண்ணீர் கட்டாயம் வேண்டும். காலி பாட்டிலும் உங்களோடு இறங்கட்டும்.