கிராம் ஸ்டெயினில் பாதி ஊதா, பாதி இளஞ்சிவப்பு: கோளாறு கல்ச்சரிலா, கையிலா?

கேள்வி: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்டாஃபைலோகாக்கஸ் என்று சொல்லிக் கொடுத்த கல்ச்சரைக் கிராம் ஸ்டெயின் செய்தால், ஒவ்வொரு முறையும் பாதி செல்கள் ஊதாவாகவும் பாதி இளஞ்சிவப்பாகவும் தெரிகின்றன. கல்ச்சரில் வேறு ஏதாவது கலந்துவிட்டதா, இல்லை என் செய்முறையில் தவறா? அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு.

பதில்: கிராம் ஸ்டெயின் என்பது பாக்டீரியாவைச் சாயமேற்றி இரு வகையாகப் பிரிக்கும் சோதனை. ஸ்டாஃபைலோகாக்கஸ் கொத்தாக இருக்கும் உருண்டை பாக்டீரியா, இந்தச் சோதனையில் அது ஊதாவாகவே தெரிய வேண்டும். கல்ச்சரில் (வளர்த்த பாக்டீரியாவில்) கலப்பு இருக்கிறதா என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். அதே ஸ்லைடை மறுபடி ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் வையுங்கள். இளஞ்சிவப்புச் செல்களும் உருண்டையாக, அதே அளவில், கொத்துக் கொத்தாக இருந்தால் இரண்டும் ஒரே பாக்டீரியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சாயமேற்றுவதில்தான் எங்கோ பிசகு. இளஞ்சிவப்பாக இருப்பவை குச்சி வடிவில் இருந்தால் கல்ச்சர் கலந்துவிட்டது. அப்போது புதிய அகார் தட்டில் குவாட்ரன்ட் ஸ்ட்ரீக் செய்து (நான்கு பகுதியாகக் கோடிழுத்துப் பரப்பி), தனியாக வளர்ந்த ஒரு காலனியை (பாக்டீரியாத் திட்டை) எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும்.

உங்கள் சிக்கல் முதல் வகை என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். செய்முறைக் குறிப்பேட்டில் கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சஃப்ரனின் என்ற நான்கு படிகளும் ஒரே எடையில் எழுதப்பட்டிருக்கும். உண்மையில் சோதனை நடப்பது மூன்றாம் படியில், ஆல்கஹால் ஊற்றும் அந்தச் சில நொடிகளில் மட்டும்தான். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் பெர்லினில் இந்த முறையை வெளியிட்டபோது, அதில் இளஞ்சிவப்புச் சாயமான சஃப்ரனின் கிடையாது. நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். சில பாக்டீரியாக்கள் சாயத்தைப் பிடித்துக்கொண்டன, சில இழந்தன. இழந்தவற்றையும் கண்ணுக்குத் தெரியவைக்கும் அந்தச் சாயம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலட் எல்லாச் செல்களிலும் ஏறும். அயோடின் அதனோடு சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாக மாறும். இந்தக் கட்டம் வரை, கடைசியில் இளஞ்சிவப்பாகும் கிராம் நெகட்டிவ் வகையான ஈ.கோலையும் ஊதாதான். ஆல்கஹால் பட்டதும், ஊதாவாகவே நிற்கும் கிராம் பாசிட்டிவ் வகையின் தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவர் நீரை இழந்து இறுகுகிறது, கூட்டுப்பொருள் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கிராம் நெகட்டிவில் வெளிச்சவ்வின் கொழுப்பு கரைந்து, மெல்லிய சுவர் வழியே சாயம் வெளியேறிவிடுகிறது. ஆனால் ஆல்கஹாலைக் கூடுதல் நேரம் விட்டால் தடித்த சுவரிலிருந்தும் சாயம் வெளியேறும். உங்கள் ஸ்லைடில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆகவே முதலில், உங்கள் ஆய்வகத்தில் நிறநீக்கி என்று ஒட்டியிருக்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 95 சதவீத எத்தனால் என்றால் 10 முதல் 15 நொடி தாங்கும். அசிட்டோன் கலந்தது என்றால் இரண்டு மூன்று நொடியிலேயே வேலை முடிந்துவிடும், அதற்கு எத்தனால் கணக்கு பொருந்தாது. ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து மேல் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழிந்து விழும் துளியில் ஊதா நின்றதும், அந்த நொடியே தண்ணீரில் கழுவுங்கள். கடிகாரத்தைவிட அந்தத் துளியைப் பார்ப்பதே நல்லது.

ஸ்மியர் (ஸ்லைடில் பரப்பிய பாக்டீரியாப் படலம்) தடிமனாக இருந்தால் இந்த அளவுகோலும் பயன்படாது. திட்டான இடத்தில் ஈ.கோலைகூட ஊதாவாக நிற்கும், ஓரத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ்கூட வெளுத்துவிடும். தட்டிலிருந்து எடுக்கும்போது லூப் நுனியால் காலனியைத் தொட்டால் போதும். அதை ஒரு சிறு சொட்டுத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துப் பரப்புங்கள். காய்ந்தபின், அடியில் வைத்த அச்செழுத்தை ஸ்மியர் வழியே படிக்க முடிய வேண்டும். நிறத்தைச் செல்கள் தனித்தனியாக இருக்கும் இடத்தில் மட்டும் படியுங்கள். ஸ்மியர் தானாகக் காய்ந்த பிறகே தீயில் காட்ட வேண்டும், இரண்டு மூன்று முறை சுடரைக் கடந்தால் போதும். புறங்கையில் வைத்தால் சுடும் அளவுக்கு வாட்டினால் செல்சுவர் சிதைந்து, கிராம் பாசிட்டிவும் இளஞ்சிவப்பாகிவிடும்.

அயோடின் பாட்டிலையும் பாருங்கள். அடர் பழுப்பு வெளிறி மஞ்சளாகியிருந்தால் புதிதாகத் தயாரிக்கச் சொல்லுங்கள். அயோடினுக்கு முன்னால் குழாயடியில் வெகுநேரம் கழுவுவதும் கெடுதல், ஏனென்றால் அப்போது சாயம் இன்னும் கட்டுப்படவில்லை.

கல்ச்சருக்கு எத்தனை நாள் வயது? இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய சந்தேகம். திங்கட்கிழமை வகுப்புக்கு வெள்ளிக்கிழமை போட்ட தட்டை எடுத்துக் கொடுப்பது பல ஆய்வகங்களில் நடக்கிறது. வயதான கல்ச்சரில் பல செல்கள் செத்திருக்கும், சுவர் பழுதாகியிருக்கும், அவை சாயத்தைப் பிடித்துவைக்காது. 18 முதல் 24 மணி நேரக் கல்ச்சர் கேளுங்கள். கேட்பது மாணவரின் உரிமை, தயங்க வேண்டாம்.

இனி ஒவ்வொரு முறையும் ஒரே ஸ்லைடில் மூன்று சிறு ஸ்மியர் போடுங்கள்: ஒரு ஓரம் நிச்சயமாகத் தெரிந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மறு ஓரம் ஈ.கோலை, நடுவில் உங்கள் மாதிரி. ஓரங்கள் இரண்டும் சரியான நிறத்தில் வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம். ஈ.கோலை ஊதாவாக நின்றால் நிறநீக்கம் போதவில்லை. ஆரியஸ் வெளுத்தால் மிஞ்சிவிட்டது. தேர்வில் கட்டாயப்படுத்தமாட்டார்கள், ஆனாலும் இப்படிச் செய்து காட்டும் மாணவரைத் தேர்வாளர் கவனிப்பார்.

சாயத்தை நம்ப முடியாதபோது இன்னொரு வழி: 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியைக் கலந்து, லூப்பை மெல்லத் தூக்குங்கள். கிராம் நெகட்டிவ் என்றால் செல் உடைந்து டி.என்.ஏ. வெளிவந்து பிசுபிசுவென்று நூலாக எழும். கிராம் பாசிட்டிவ் பெரும்பாலும் எழாது.

மைக்ரோஸ்கோப்பில் கன்டென்சரை (ஒளியைக் குவிக்கும் லென்ஸை) மேலே ஏற்றி, டயஃப்ரத்தை (ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் திறப்பை) திறந்து வையுங்கள். சாயமேற்றாமல் ஈரமாகப் பார்க்கும் வெட் மவுன்ட்டுக்குத்தான் டயஃப்ரத்தைக் குறுக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒரே மங்கலாகத் தெரியும்.

விடைத்தாளில் "ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்" என்று எழுதிவிடாதீர்கள். கிராம் ஸ்டெயின் சொல்வது "கிராம் பாசிட்டிவ் காக்கை (cocci, உருண்டைச் செல்கள்), கொத்தாக" என்பது வரைதான். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் குமிழி வந்தால் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது (கேட்டலேஸ் பாசிட்டிவ்), அந்த நொதி இல்லாத உருண்டை பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸை விலக்கிவிடலாம். இதற்குக் காலனியை பிளட் அகாரிலிருந்து எடுக்காதீர்கள், சிவப்பணுவிலேயே கேட்டலேஸ் இருப்பதால் வெறும் அகாரே குமிழி விடும். நிக்ரோம் லூப்பும் பொய்க் குமிழி தரக்கூடும், மரக்குச்சி பாதுகாப்பானது. அதற்குப் பிறகு கோயாகுலேஸ் சோதனையில் பிளாஸ்மா உறைந்தால், அப்போது ஆரியஸ் என்று எழுதுங்கள்.