சாவிக் கொத்து

கேள்வி: எனக்கு 43 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில். பாடகர் குழுவைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீடு வீடாகப் போய்ச் சந்தித்துச் செபிக்கிற மரியாயின் சேனையில் எட்டு வருடமாகச் செயலர். பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கிற எங்கள் அன்பியத்துக்கும் நான்தான் பொறுப்பு. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ஐந்தாம் வகுப்புக்கு மறைக்கல்வி. மே மாதம் மாற்றலாகி வந்த புதிய ஃபாதர், பங்குப்பேரவைக்கும் என்னையே செயலராகப் போட வேண்டும் என்கிறார். இதற்கிடையில் படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டிக்குச் சேனை சார்பில் மாதாமாதம் அரிசி கொடுத்தோம். ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையார் ‘எங்கள் வேலையில் ஏன் தலையிடுகிறீர்கள்’ என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். ‘கோயில் சாவியெல்லாம் உன் கையில, நம்ம வீட்டுச் சாவி மட்டும் பக்கத்து வீட்டுல’ என்று முன்பு சிரித்துக்கொண்டே சொல்வார். இப்போது சிரிப்பதில்லை. மகள் பிளஸ் டூ. எதையாவது விட்டால் ‘பதவி கிடைக்கலைன்னு போறா’ என்பார்கள். கடவுள் காரியத்தைப் பாதியில் விட்டால் மகள் படிப்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எதை விடுவது, எப்படி விடுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சகோதரியின் ஆறு பக்கக் கடிதத்திலிருந்து.)

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு பக்கத்திலும் அலுப்பு இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், நாலாம் பக்கத்தின் அடியில். மறைக்கல்வி வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பையன் வாரம் ஒரு கேள்வியோடு வருவான் என்று எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் ‘நோவா பேழையில கரையானை எப்படி டீச்சர் ஏத்தினாரு, கப்பலையே தின்னுடாதா?’ என்று கேட்டானாம். பதில் தெரியாமல் வகுப்பே சிரித்ததாம், நீங்களும் சிரித்தீர்களாம். மற்றப் பக்கங்களில் சிரிப்பைத் தேடிப் பார்த்தேன், இல்லை. எதை வைத்துக்கொள்வது என்று நீங்களே எனக்குச் சொல்லிவிட்டீர்கள். மிச்சத்தை எப்படி இறக்கி வைப்பது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் மரியாயின் சேனை. இதில் உங்களுக்கு மனச்சங்கடமே தேவையில்லை, ஏனென்றால் சேனையின் விதிகள் இருக்கும் உங்கள் கைநூலே உங்களைப் போகச் சொல்கிறது! பிரசீடியத்தின், அதாவது உங்கள் சேனைக் குழுவின், பொறுப்பாளர் பதவி மூன்று வருடம். மறுபடி நியமித்தால் இன்னொரு மூன்று. மொத்தம் ஆறு வருடம், அதற்கு மேல் அதே பதவியில் தொடரக்கூடாது. நீங்கள் எட்டாவது வருடத்தில் இருக்கிறீர்கள். இரண்டு வருடமாக உங்கள் பிரசீடியம் விதியை மீறிக்கொண்டிருக்கிறது. மேல்குழுவான கூரியாவில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். நாற்காலி காலியாக இருந்தால்தானே ஆள் தேடுவார்கள்? அடுத்த கூட்டத்தில் கைநூலைப் பிரித்து அந்தப் பகுதியை நீங்களே வாசியுங்கள். கோபமாக வேண்டாம், ஆன்ம வாசகம் வாசிக்கிற அதே குரலில்.

பதவியை விட்டால் சேனையையே விட வேண்டும் என்பதும் இல்லை. துணை உறுப்பினர் என்று ஒரு வகை இருக்கிறது. வாரக் கூட்டம் கிடையாது, வீடு சந்திப்பு கிடையாது. தினமும் தெசேரா என்கிற சேனையின் செப அட்டையில் உள்ள செபங்களும் செபமாலையும் சொன்னால் போதும். செபமாலையை எப்படியும் வீட்டில் சொல்கிறீர்கள். கூட்டம் நடக்கிற செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் மகளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

இந்த இடத்திலேயே அரிசிச் சண்டையையும் முடித்துவிடலாம். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: தவறு உங்கள் பக்கம். மரியாயின் சேனை பொருளுதவி செய்யக்கூடாது என்பது அதன் பழைய, கறாரான விதி. பழந்துணிகூடக் கொடுக்கக்கூடாது. கல் மனசு என்று நினைக்காதீர்கள். கையில் பையோடு ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டார் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்க்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் ‘எனக்கு ஏன் இல்லை’ என்று கதவைச் சாத்துகிறார். சேனையைத் தொடங்கிய பிராங்க் டஃப் டப்ளின் நகரத்தில் அரசு அலுவலர். 1921 செப்டம்பர் 7 அன்று முதல் கூட்டம் நடந்தபோது அவரே வின்சென்ட் தே பவுல் சபைக்காரர். பொருளுதவிக்கு அந்தச் சபை இருக்கிறது, இவர்கள் வேறு வேலை பார்க்கட்டும் என்றுதான் பிரித்தார்கள். முதலில் செய்த வேலை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் போய்ப் பார்த்ததுதான்.

வின்சென்ட் சபை அதற்கும் முந்தையது. 1833-இல் பாரிஸில் 20 வயதுக் கல்லூரி மாணவர் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கியது. ‘உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறது’ என்று விவாதக் கூட்டத்தில் யாரோ மடக்கியதும், பேசியது போதும் என்று கிளம்பியவர்கள். குளிர்காலத்துக்கு வைத்திருந்த விறகில் மிச்சமிருந்ததை ஒரு ஏழை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். ஆக, அரிசி மூட்டை அவர்களுடைய துறை. பாட்டியின் பெயரையும் எந்த மாதம்வரை கொடுத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் தலைவர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘எங்களுக்கு விதி தெரியாமல் போச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்துவிட மாட்டீர்கள். பாட்டியைப் பார்க்கப் போவதை மட்டும் உங்கள் சேனையார் நிறுத்த வேண்டாம். வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். அந்தப் பாட்டிக்கு அரிசியைவிட அதுதான் பஞ்சமாக இருக்கும்.

அன்பியத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இருபது முப்பது வீடுகள் சேர்ந்து நற்செய்தி வாசித்துப் பகிர்ந்துகொள்வதற்காக வந்தது அது. பொறுப்பு வீடு மாறி வீடு மாறிப் போக வேண்டும். ஒரே வீட்டில் தங்கிவிட்டால் அது அந்த வீட்டுக்காரியின் ஜெபக்கூட்டம் ஆகிவிடும், மற்றவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். சுண்டல் பண்ணுவதுகூட நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் சுண்டல் பண்ணாதீர்கள், பொறுப்பு கைமாறுவது தானாகத் தொடங்கும்.

பாடகர் குழுதான் கஷ்டம். இதில் என் கதை ஒன்றைச் சொல்கிறேன், பெருமைக்குரியது இல்லை.

நானும் ஒரு பங்கில் ஒன்பது வருடம் பாடகர் குழுவை நடத்தியவள். ஒரு தவக்காலத்தில், ஒரு பதிலுரைப் பாடலின் மெட்டு விஷயமாகக் கீபோர்டு வாசிக்கிற தம்பியோடு வாக்குவாதம். சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘இனி நான் வரவில்லை, எல்லோருக்கும் நன்றி’ என்று போட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பாட்டுத் தாள்கள் இருந்த அலமாரியின் சாவி என் கைப்பையில். ஓசன்னா பாடிக்கொண்டு பவனி வர வேண்டியவர்கள், மனப்பாடமாகத் தெரிந்த இரண்டே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு மாதா கெபியிலிருந்து கோயில்வரை வந்தார்களாம். நான் வேறு பங்கில் பூசை கண்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்புறம் இரண்டு வருடம் அந்தத் தம்பியை எங்கே பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதனால், எப்படி விடக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் இந்தக் கிறிஸ்துமஸ்வரை இருங்கள். புது ஆளின் தலையில் நள்ளிரவுத் திருப்பலியைக் கட்டிவிட்டுப் போவது பாவம். ஆனால் யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து, சனிக்கிழமை ஒத்திகையில் அவரைப் பாட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்வரிசையில் நில்லுங்கள். சுதி தப்பும், தாளம் ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம் சாவியைக் கொடுத்துவிடுங்கள். தவக்காலத்துக்குள் குழு புது ஆளுக்குப் பழகிவிடும். உங்கள் மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு, அதே மார்ச்சில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. இரண்டில் எது உங்கள் பாடு என்று அப்போது யோசிக்க வேண்டியிருக்காது.

கொடுக்கும்போது சாவியோடு ஒரு நோட்டும் கொடுங்கள். எந்த ஞாயிறுக்கு எந்தப் பாட்டு, மைக் வாடகை யாருக்கு எவ்வளவு பாக்கி, மாவு மில் அக்காவுக்கு உச்சஸ்தாயி வராது, இப்படி உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். காசு இருந்தால் எண்ணிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ‘பதவி கிடைக்கலைன்னு போறா’ என்று பேசுகிறவர்கள் அப்புறமும் பேசுவார்கள். கணக்கு விஷயத்தில் பேச மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

சரி, பங்குப்பேரவை. திருச்சபைச் சட்டம் 536-ஆம் எண்ணைப் பாருங்கள்: அந்தப் பேரவைக்கு இருப்பது ஆலோசனை சொல்கிற வாக்கு மட்டும்தான், தலைமை பங்குத்தந்தைக்கு. சட்டப்படி எல்லாப் பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டியது நிதிக்குழு. அது அடுத்த எண்ணில் வருகிறது. பேரவை அமைப்பது அந்தந்த ஆயரின் முடிவு. ஆலோசனை சொல்வது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை, நல்ல செயலர் இருந்தால் பங்கே வேறு மாதிரி நடக்கும். ஆனால் ஃபாதர் வந்து சில மாதம்தான் ஆகிறது. யாரைக் கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள், அவரும் உங்கள் பெயரை எழுதுகிறார். பங்கில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அலுவலக நேரத்தில் நேரில் போய், ‘இந்த வருடம் முடியாது ஃபாதர், மகள் பிளஸ் டூ’ என்று சொல்லிவிட்டு, இரண்டு மூன்று பேர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பூசை முடிந்து, உடை மாற்றும் அறையான சக்கிறிஸ்து வாசலில் அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் எந்தச் சாமியாருக்கும் எதுவும் காதில் விழாது.

கடைசியாக அந்தப் பயம். மார்த்தா மரியா கதையை நான் எடுக்கப்போவதில்லை, அதில் நூறு மறையுரை கேட்டிருப்பீர்கள். பைபிளில் விடுதலைப் பயணம் 18-ஆம் அதிகாரத்தை எடுங்கள். மோசே காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து ஊர் வழக்கெல்லாம் தனியாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமனார் இத்திரோ பார்த்துவிட்டு, நீர் செய்வது சரியில்லை, நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதே அதிகாரத்தின் தொடக்கத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். மோசேயின் மனைவி சிப்போராவும் இரண்டு பையன்களும் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். அந்த மனிதர் அவர்களைக் கூட்டிக்கொண்டு பாலைநிலம்வரை வந்து சேர்கிறார். மறுநாளே மருமகன் வழக்கு கேட்க உட்கார்ந்துவிடுகிறார்! இத்திரோ வெறும் நிர்வாக யோசனையா சொன்னார்? மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்த அப்பா பேசிய பேச்சாகத்தான் எனக்குப் படுகிறது. மோசே அதைக் கேட்டார், வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அதற்காகக் கடவுள் அவரைத் தண்டிக்கவில்லை. உங்கள் மகளின் வேதியியல் மதிப்பெண்ணில் கை வைக்கவும் மாட்டார். அவள் படிக்கிற நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்தால் ஒருவேளை கூடலாம்.

மறைக்கல்வியை விடாதீர்கள். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்கான நிலையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார் என்பதை, ‘சும்மா பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறா’ என்று சொல்கிறவர்களுக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கரையான் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. பையன் இன்னும் கேட்டால் எனக்கும் எழுதுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். பாடகர் குழு அலமாரிக்கு ஒரே சாவிதான், நகல் இல்லை, அதனால்தான் நான் எங்கும் போக முடியவில்லை என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். திண்டுக்கல்லில், பூட்டுப் பட்டறைக்காரரின் வீட்டில் இருந்துகொண்டு! இன்றைக்கே அந்தச் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து ஒரு நகல் போடச் சொல்லுங்கள். யாருக்கு என்று கேட்பார். அப்போது சொல்லுங்கள்.