தீவில் தென்னை நடலாமா?

அன்புள்ள ஐயா,
இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் பவளப்பாறைகளுக்கு உரமாகிறது என்று படித்தேன். சாக்கடையும் வயல் உரமும் கலந்தால் பவளம் சாகும் என்கிறார்களே, எச்சம் மட்டும் எப்படி நல்லது? ஆளில்லாத தீவுகளில் தென்னை நட்டால் இன்னும் நிறைய பறவைகள் வந்து தங்கும்தானே?
ஷீபா, குளச்சல்

அன்புள்ள ஷீபா,

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: சேர்மானம்தான் வித்தியாசம். சாக்கடையிலும் வயல் உரத்திலும் நைட்ரேட் அளவுக்கு மீறி வரும். நைட்ரேட் என்பது நைட்ரஜன் சேர்ந்த உப்பு, அது மட்டும் மிஞ்சினால் பவளம் வாடும். எச்சத்தில் நைட்ரஜனோடு பாஸ்பரஸும் சேர்ந்திருக்கும், அந்தச் சேர்மானம் பவளத்துக்கு ஒத்துக்கொள்ளும். பறவை ஆழ்கடலில் மீன் தின்றுவிட்டுத் தீவில் எச்சமிடுகிறது, மழை அதைக் கரைத்துப் பாறைக்குக் கொண்டுபோகிறது. சரி, அது போகட்டும்.

சாகோஸ் என்றதும் தூத்தூர்க்காரரான என் மாமா நினைவுக்கு வந்தார். டீகோ கார்சியா அந்தத் தீவுக்கூட்டத்தில்தான் இருக்கிறது. சுறா பிடிக்கப் போய் அந்த எல்லையில் பிரிட்டிஷ்காரரிடம் மாட்டிக்கொண்ட நம் ஆட்களின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆலாக்கூட்டம் தாழப் பறக்கும் பக்கம்தான் மாமா போட்டைத் திருப்புவார். கீழே சூரை சின்ன மீன்களை மேலே விரட்டிக்கொண்டிருக்கும். எச்சம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, பறவையின் அருமை தெரியும்.

உங்கள் தென்னை யோசனைதான் எனக்குக் கோபமூட்டுகிறது. நாஞ்சில் நாட்டில் பிறந்துவிட்டால் எங்கே வெறும் மண்ணைக் கண்டாலும் தென்னம்பிள்ளை வைக்கத் தோன்றும் போல! சாகோஸில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள், அடிமைகளை வைத்துக்கொண்டு. கப்பல்களோடு எலியும் வந்து இறங்கியது. முட்டையையும் குஞ்சையும் தின்றது. 2018-இல் வெளிவந்த ஆய்வில் எலியுள்ள 6 தீவுகளையும் எலியில்லாத 6 தீவுகளையும் ஒப்பிட்டார்கள். எலியில்லாத தீவுகளில் பறவை அடர்த்தி 760 மடங்கு. அருகிலுள்ள பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம்.

எலியே இல்லாவிட்டாலும் தென்னை ஆகாது. பசிபிக்கின் பல்மைரா தீவில் பார்த்திருக்கிறார்கள்: கிளை விரித்த நாட்டு மரங்களில்தான் பறவைகள் கூடு வைக்கின்றன, காற்றில் ஆடும் தென்னங்கொண்டையைப் பெரும்பாலானவை சீண்டுவதில்லை. நாட்டு மரம் நின்ற கரையோரக் கடலில் நைட்ரஜன் கூடி, மிதவை உயிர்கள் பெருகி, அவற்றைத் தின்ன மான்டா திருக்கைகள் வந்தன. தென்னந்தோப்புப் பக்கம் அவை மிகக் குறைவு. இதற்கு மேலும் தென்னை வேண்டுமா உங்களுக்கு?

எலியைக் கொல்வது பாவமில்லையா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள் அம்மா. பல்மைராவில் 2011-இல் எலிகளை ஒழித்த பிறகு நாட்டு மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வந்தன. பின்னர் தென்னைகளையும் அகற்றத் தொடங்கினார்கள். அந்தத் தேங்காயைக் கேட்டு யாரும் அழவில்லை. நீங்கள் உங்கள் வீட்டுத் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.